சின்னத் தோட்டா யாருக்கு?

1

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு மேஜையில் பதினோரு பொருள்கள் இருந்தன. எண்ணித்தான் வைத்தேன், எண்ணித்தான் எடுத்தேன். மிக்சி ஒன்று, மகன் முரளியின் மடிக்கணினிகள் இரண்டு, மருமகள் விஜியின் ஸ்டெதாஸ்கோப் ஒன்று, துளை போடும் டிரில்லிங் மெஷின் ஒன்று, கார் சாவிகள் இரண்டு, என்னுடைய பழைய வெர்னியர் காலிப்பர் ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று, அந்தத் துப்பாக்கிக்குள் போடும் எஃகுக் குழல்கள் இரண்டு.

சேலையூர் காலனி மலரைப் படிக்கும் நண்பர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். சரியாகத்தான் படித்தீர்கள். அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். பனி, அகலமான சாலை, கோயில் கும்பாபிஷேகம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் இருப்பது டெக்சாஸில், சான் அந்தோனியோவுக்கு வெளியே. இங்கே பனி வருவதில்லை. பாம்பு வருகிறது.

பல்லாவரத்துத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் நான் வேலை பார்த்த காலமெல்லாம், ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காத பொருள் என்று அங்கே ஒன்று கிடையாது. லேத் மெஷினுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, தீயணைக்கும் மணல் வாளிக்கும் பொட்டு. ஸ்டோர்ஸில் இருந்த கண்ணப்பன் மேலாளரின் தொலைபேசிக்கே சந்தனம் வைத்து, அவர் காதெல்லாம் மஞ்சளாகி, அதற்கு விளக்கம் கேட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது. அதுவாகத் தேய்ந்து போக வேண்டும். தீபாவளி தாண்டியும் நாங்கள் அளவு பார்க்கும் கேஜ்களில் மஞ்சள் இருக்கும்.

அந்தப் பழக்கத்தில்தான் துப்பாக்கிக்கும் வைத்தேன். எஃகுக் குழல்கள் இரண்டையும் தட்டில் செங்குத்தாக நிறுத்தி, வாய் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் இட்டேன். விஜி பார்த்துவிட்டாள்.

"மாமா, இதுக்குமா பொட்டு?"

"ஆயுத பூஜைன்னு பேரு வெச்சுட்டு மிக்சிக்குப் பண்றோம். இந்த வீட்டுல நெஜ ஆயுதம் இது ஒண்ணுதானேம்மா."

முரளி சிரித்தான். "அப்பா லாஜிக்க யாரும் ஜெயிக்க முடியாது விஜி, விட்டுடு."

அன்று அவன் சிரித்ததையும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு முன்னால் சில வாரங்களாக அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

2

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெரிஞ்சர் என்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள், இரண்டே தோட்டாக்கள். சுட்டு முடித்ததும் சாவிக்கொத்து மாதிரி மடித்துத் திறந்து காலித் தோட்டாவை எடுக்க வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் வால் கிலுகிலுக்கும் பாம்பு ஒன்று சுருண்டிருந்ததைப் பார்த்த பிறகு முரளி இதை வாங்கினான். பாம்புக்கென்று சிறு ஈயக் குண்டுகள் நிறைந்த தடித்த தோட்டா இருக்கிறது. அதைச் சுட்டால் கை தோள்பட்டை வரைக்கும் அதிரும் என்றான். வாங்கியபின் பாம்பு வரவில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். நான் தொட்டதில்லை.

நம் காலனியில் ஒரே ஒரு வீட்டில்தான் துப்பாக்கி இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வேட்டியில் சுற்றி, மொபெட்டின் பின்னால் மனைவியை உட்காரவைத்து, அவர் மடியில் குறுக்காகக் கொடுத்துக் கொண்டுபோவார். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். "எலெக்‌ஷன் முடியறவரைக்கும் வூட்ல நிம்மதியா தூங்கலாம்" என்று அந்த அம்மாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவார். இங்கே புல்லுக்குப் போடும் உரத்துக்கு அடுத்த வரிசையில் தோட்டா அடுக்கியிருக்கிறார்கள். யாரும் வாசலுக்கு வந்து பார்ப்பதில்லை.

நவராத்திரிக்கு முன்னால் தபாலில் ஒரு சிறு பொட்டலம் வந்தது. அதில்தான் இந்த இரண்டு எஃகுக் குழல்கள். அடாப்டர் என்று பெயர். டெரிஞ்சரின் தடித்த தோட்டா போகும் இடத்தில் இந்தக் குழலைச் செருகி, குழலுக்குள் மெல்லிய தோட்டாவைப் போட்டுச் சுடலாம். பெரிய பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரம் வைத்துச் சமைப்பதுபோலத்தான்.

எனக்கு எஃகைக் கையில் கொடுத்தால் அளக்காமல் இருக்க முடியாது. காலிப்பரை எடுத்தேன். வெளி அளவு இரண்டிலும் ஒன்றாக இருந்தது. உள்ளே பார்த்தால், துளை நடுவில் இல்லை! ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. இரண்டிலுமே.

"முரளி, இத ரிஜெக்ட் பண்ணு. துளை சென்டர்ல இல்ல. எவனோ திருப்பி அனுப்பின சரக்க உன் தலையில கட்டிட்டான்."

"இல்லப்பா, அது வேணும்னேதான் அப்படி. பெரிய தோட்டாவுக்கு நடுவுல அடிக்கணும். சின்னதுக்கு ஓரத்துலதான் அடி படணும். அதான் துளைய தள்ளிப் போட்டிருக்காங்க."

யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. வடிவமைத்தவன் விவரமானவன். ஆனால் ஒரு சந்தேகம் தீர்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. "சின்னத் தோட்டா எதுக்குடா?" என்று கேட்டேன்.

"சும்மா பிராக்டீஸ் பண்ணத்தான். கைய உதைக்காது."

உதைத்தால் தாங்காத கை இந்த வீட்டில் யாருடையது? முரளி இன்றைக்கும் சனிக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுகிறவன்.

3

நான் சும்மா சந்தேகப்படுகிறவன் என்று காலனியில் ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆதாரங்களைச் சொல்கிறேன்.

பின்கதவுக்கு மேல் புதிதாகக் கேமரா வந்திருக்கிறது. யாரோ ஒருவன் பகலில் வந்து பின்கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது அதில் பதிவானது. நான் அப்போது உள்ளே குளித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முரளி திருட்டு மணியின் எண்களை அழுத்தச் சொல்லி என்னைப் பழக்குகிறான். நான் சரியாக அழுத்தினால் விஜியைப் பார்க்கிறான். தப்பாக அழுத்தினாலும் விஜியைப் பார்க்கிறான். விஜி மருத்துவமனையில் நர்ஸ். மாத்திரையை எடுத்துத் தருவதற்குப் பதிலாக இப்போதெல்லாம், "மாமா, இன்னிக்கு எந்தெந்த மாத்திரைன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்கிறாள், குழந்தைக்குப் பாடம் கேட்பதுபோல.

பேத்தி நிலா இந்த ஆண்டு வேறு மாநிலத்தில் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவள் இருந்தால் கேட்டிருக்கலாம், பிள்ளைகள் மறைக்கத் தெரியாதவர்கள். பூஜைப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். சிரிக்கிற மூஞ்சி ஒன்று வந்தது. பத்தி பத்தியாக எழுதினாலும் அதே மூஞ்சிதான் வரும்.

பிறகு அந்த வண்ணப் புத்தகம். செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்தது. இந்திய முதியோருக்கென்று இங்கே கட்டியிருக்கும் குடியிருப்பு வளாகம் ஒன்றின் விளம்பரம். வாசலில் கோலம், உள்ளே கேரம் பலகை, இட்லியோடு ஒன்பது கிழவர்கள் சிரிக்கிறார்கள். நன்றாகப் பார்த்தேன். சிரிக்கும் ஒன்பது பேரில் ஒருவர்கூட இன்னொருவரைப் பார்க்கவில்லை.

கடைசியாக, சமையலறையில் என் காதில் விழுந்த இரண்டு வார்த்தைகள். ஒன்று டல்லாஸ். இன்னொன்று நாலு நாள். முரளியின் கம்பெனி டல்லாஸில் பெரிய பதவி தருகிறது என்பது எனக்கு முன்பே தெரியும், எப்போது பதில் சொல்லப்போகிறான் என்பதுதான் தெரியாது. காரில் போனால் ஐந்து மணி நேரம். அவன் வாரத்தில் நாலு நாள் அங்கே இருந்தால், விஜி பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்குப் போய்விட்டால், இந்த வீட்டில் நான் ஒருவன். அல்லது இந்த வீட்டில் நானும் இல்லை, பத்தாவது கிழவனாக அந்தப் படத்தில். இரண்டில் எது என்று அவர்கள் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை.

மனைவி கமலா போன பிறகு சேலையூர் வீட்டை வாடகைக்கு விட்டு இங்கே வந்தவன் நான். குடியிருப்பவர் மாதாமாதம் சுவர் ஓதம் என்று புகைப்படம் அனுப்புகிறார். ஒரே புகைப்படம் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு அந்த வீடும் எனக்கு இல்லை.

4

பூஜைக்கு மறுநாள் காலை கண்ணப்பன் கூப்பிட்டான். ஓய்வுபெற்றுக் கீழ்க்கட்டளையில் இருக்கிறான். அங்கே மாலை, அவன் நடைப்பயிற்சி நேரம். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவான்.

"இன்னா சார், பொரிகடலை எல்லாம் துன்னாச்சா? போட்டோ பாத்தேன். மிக்சி பக்கத்துல இன்னா சார் அது, காஸ் லைட்டரா?"

"துப்பாக்கி."

நடை நின்றது. பேருந்தின் ஹாரன் மட்டும் கேட்டது. "தமாசு பண்றியா?"

விவரம் சொன்னேன். பாம்பு, டெரிஞ்சர், அடாப்டர், எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

"சரி சார். பாம்புக்குப் பெரிய தோட்டா. ஒத்துக்கறேன். அப்போ சின்னத் தோட்டா யாருக்கு? பல்லிக்கா?"

"பழகறதுக்காம்."

"யாரு பழகறதுக்கு? உன் புள்ளையா? அவன் பந்த அடிச்சா செம்பாக்கத்துல போய் வுழும். அவனுக்கு இன்னாத்துக்கு சார் சின்னது? மருமவளுக்கா?"

"அவ துப்பாக்கிப் பெட்டி இருக்கிற அறைக்கே போக மாட்டா."

"அப்ப வூட்ல மிச்சம் யாரு?" என்று கேட்டவன், அந்தக் கேள்வியின் கனம் தெரியாமலே அடுத்ததற்குத் தாவினான். "ஃபேக்டரில நீ ஒரு வாஷரக்கூட நம்ப மாட்ட. பெத்த புள்ளன்னதும் கையெழுத்துப் போட்டுட்டியா? கேளு சார். வாயத் தொறந்து கேளு."

நான் கேட்கவில்லை. அன்று மாலை முரளியே வந்தான். "அப்பா, சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போலாமா? அடாப்டர டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். நீங்க வந்தா நல்லது, உங்களுக்குத்தான் இந்த அளவு கிளவெல்லாம் தெரியும்." பல வருஷங்களுக்குப் பிறகு என் தொழிலைச் சொல்லி ஒருவன் என்னைக் கூப்பிடுகிறான். அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

5

சுடுதளம் திறந்த வெளியில் இருக்கிறது. தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக மேஜைகள், எதிரே மண் மேடு. வாசலில் ஒரு பெண் என் அடையாள அட்டையைக் கணினியில் பதிந்தாள். நம் ஊரில் எனக்குப் பெயரும் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு கட்டத்தில் மட்டும் இருந்ததால், அமெரிக்க அரசாங்கம் மறு கட்டத்தில் 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக FNU என்று மூன்று எழுத்தை அடித்துவிட்டது. மாற்றக் கேட்டு ஆறு அலுவலகங்கள் போனேன். ஒவ்வொன்றும் அடுத்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லிற்று. அந்தப் பெண் ஒலிபெருக்கியில், "மிஸ்டர் ஃப்னூ, ஐந்தாம் மேஜை" என்று கூப்பிட்டாள். முரளி என் கையைப் பிடித்து அழைத்துப்போனான். பெயர் தெரியாதவனாகத்தான் துப்பாக்கி மேஜைக்குப் போனேன்.

அங்கே வெள்ளைத் தாடி வைத்த, வாட்டசாட்டமான மேற்பார்வையாளர் ஒருவர். ஆரஞ்சு மேல்சட்டை. அவர் 'நிறுத்து' என்றால் எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அடுத்த உத்தரவு வரும்வரை யாரும் தொடக் கூடாது. அவர் துப்பாக்கிகளைத் தலையாட்டி எண்ணுவதைப் பார்த்தேன். இந்த ஊரில் நான் முதன்முதலாக நம்பிய ஆள் அவர்தான்.

முரளி டெரிஞ்சரைத் திறந்து அடாப்டர்களைச் செருகினான். சின்னத் தோட்டா முதல் குழலில் பாதிதான் போயிற்று. கட்டைவிரலால் அழுத்தப் போனான்.

"அழுத்தாத!" என்று கத்தினேன். காது அடைப்பான் போட்டிருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. கேஜ் போகவில்லை என்றால் போகவில்லை. தள்ளிப் போகவைக்கிறவன் ஆய்வாளன் இல்லை.

அடுத்த குழலிலும் அதே கதை. முரளி முகம் சிவந்தான். "ஏமாத்திட்டான்ப்பா விக்கறவன். நல்லா ரெவ்யூ போட்டிருந்தாங்க. இன்னிக்கே ரிட்டர்ன் பண்ணிடறேன்."

நானும் விற்பவனைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் நான் அளந்தபோது துளையின் அளவு சரியாக இருந்ததே? தோட்டாவை மாற்றி ஏமாற்றியிருப்பானோ? குழலை வெளியே எடுத்து வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தேன். சுவரில் மஞ்சளாக ஒரு படிவம், காய்ந்து கெட்டியாக. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்! விளிம்பில் வைத்த பொட்டு ஈரத்தோடு உள்ளே வழிந்து காய்ந்திருக்கிறது. துடைக்கக் கூடாது என்று நான் சொல்லிவைத்ததால் முரளியும் துணியைக்கூடக் காட்டவில்லை.

நாங்கள் இருவரும் குழலுக்குள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு மேற்பார்வையாளர் வந்துவிட்டார். அந்த மஞ்சள் என்ன என்று கேட்டார். கேட்ட விதம் போதைப் பொருள் சோதனைக்காரர் மாதிரி இருந்தது. முரளி ஆங்கிலத்தில் திணறினான்: ஆண்டுக்கு ஒரு நாள், கருவிகளுக்கு மரியாதை, அப்பா, சந்தன மரம். அவர் குழலை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தார். தன் மனைவி வாங்கும் சோப்பு இந்த வாசனைதான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, பிரார்த்தனை செய்தது குறி படவா, படாமல் இருக்கவா என்று கேட்டார். நல்ல கேள்வி.

தண்ணீரும் துணியும் போட்டுச் சுத்தம் செய்தோம். தோட்டா வழுக்கிக்கொண்டு போயிற்று. முரளி பத்து சுட்டான். சத்தம் சரவெடியில் ஒன்று தனியாக வெடித்தது போல, அவ்வளவுதான். எதிரே குறியாக மாட்டிய காகிதத்தில் ஆறு துளைகள். அதில் மூன்று வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல நீண்டிருந்தன. குண்டு நேராகப் போகாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. சின்னக் குழல் பெரிய குழாய்க்குள் கொஞ்சம் ஆடுகிறது. மற்ற நான்கும் மண்ணுக்குப் போய்விட்டன.

"கைக்கு எட்டற தூரத்துல இருக்கிறவனுக்குத்தான் இது ஆகும்" என்றேன்.

"அது போதும்ப்பா" என்றான் முரளி.

இருக்கிறவனுக்கு என்று என் வாயில் எப்படி வந்தது? பாம்பை யாரும் அவன் என்பதில்லையே. அவனும் திருத்தவில்லை.

6

நான் துப்பாக்கி என்று ஒன்றைக் கையில் பிடித்தது அதற்கு முன் ஒரே முறை. கோவளத்தில், கடற்கரையில், பலூன் சுடும் கடையில். முரளி அப்போது மூன்றாம் வகுப்பு. பலகையில் நாற்பத்தெட்டுப் பலூன்கள் குத்தியிருந்தார்கள். பத்து சுட்டேன், ஒன்றும் வெடிக்கவில்லை. குறி பார்க்கும் முனை வளைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன்.

"சார், துப்பாக்கி நேராத்தான் கீது. நீதான் வளைஞ்சு நிக்கிற" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. முரளி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். திரும்பி வரும் பேருந்தில் தாம்பரம் வரும்வரை நான் அவனோடு பேசவில்லை. முனை வளைந்துதான் இருந்தது. இன்றைக்கும் சொல்வேன்.

7

"இப்ப நீங்க சுடுங்கப்பா" என்று முரளி பத்து தோட்டாக்களை என் முன்னால் வரிசையாக வைத்தான். "நீங்களே தொறங்க, நீங்களே போடுங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கங்க."

முதல் இரண்டைப் போட்டேன். விரல் கொஞ்சம் நடுங்கிற்று, நடுங்காமல் எப்படி இருக்கும்? சுட்டேன். கை உதைபடவில்லை. அவன் சொன்னது உண்மைதான். காகிதத்தின் மூலையில் ஒரு துளை. திறந்து, காலித் தோட்டாவைத் தள்ளி எடுத்து, மீண்டும் இரண்டு. துளையே இல்லை. முரளி என்ன சொல்கிறான் என்று பார்க்கத் திரும்பினேன்.

அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. போனை நிமிர்த்திப் பிடித்து என் கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கங்க.

அப்போதுதான் மேற்பார்வையாளர் 'நிறுத்து' என்றார். துப்பாக்கியைத் திறந்து மேஜையில் வைத்தேன். எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்தோம். காகிதம் மாற்றுகிறவர்கள் மண் மேட்டை நோக்கி நடந்தார்கள். காது அடைப்பானைக் கழற்றினேன்.

"அடாப்டர டெஸ்ட் பண்றேன்னு சொன்ன."

"ஆமாப்பா."

"அடாப்டர் துப்பாக்கிக்குள்ள இருக்கு. நீ படம் எடுக்கறது என் கைய. யாருக்கு அனுப்ப?"

போனைப் பையில் போட்டான். பிறகு, "விஜிக்கு" என்றான். "அவதான் பாக்கணும்னா. கை எவ்வளவு நடுங்குதுன்னு."

"நடுங்கலன்னா?"

"அப்பா, டல்லாஸ்ல வேலை கெடச்சிருக்கு. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் அங்க இருக்கணும். விஜிக்கு டியூட்டி இருந்தா நீங்க வீட்ல தனியா இருப்பீங்க. அன்னிக்கு ஒருத்தன் பின்கதவ ஆட்டினான் இல்ல, எனக்கு அதுலேர்ந்து தூக்கமே போச்சு. பெரிய தோட்டா உங்க மணிக்கட்ட ஒடைச்சிடும். அதான் சின்னது."

"நடுங்கினா?"

"அந்த புக்க நீங்க பாத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

குறி பட்டால் தனி வீடும் துப்பாக்கியும். படாவிட்டால் கோலம் போட்ட வாசலும் கேரம் பலகையும். மேஜையில் இன்னும் ஆறு தோட்டாக்கள் இருந்தன. நன்றாகச் சுட முயல்வதா, தப்பாகச் சுடுவதா என்று ஒரு கணம் உண்மையாகவே கணக்குப் போட்டேன். குழலின் ஆட்டத்தில் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்பதும் தெரிந்தது. ஆறு வளைந்த குண்டுகளிடம் என் மீதிக் காலத்தைக் கொடுத்திருக்கிறான், அமெரிக்காவில் படித்த பிள்ளை.

"மீதிய நான் சுட மாட்டேன்" என்றேன்.

"அப்பா, கோவப்படாதீங்க..."

"கோவம் இல்ல. கேக்க வேண்டியத வாயால கேளு. நான் எதிர்லதானே நிக்கறேன்?"

முரளி தொண்டையைக் கனைத்தான். தலை நரைக்க ஆரம்பித்த பையன். "நாலு நாள் தனியா இருந்துப்பீங்களாப்பா?"

இதற்கு ஒரு பதில் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். நம் காலனியில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எல்லோரிடமும் அதே பதில்தான். எனக்கென்ன, நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையப் பாரு. கமலா போனபோது அதைத்தான் சொன்னேன். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சொன்னேன். அன்றும் நாக்கு நுனிவரை வந்தது.

"மாட்டேன்டா" என்றேன். "பயமா இருக்கு."

நான் இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. என் பக்கம் ஓர் அடி வந்தான். "பாம்பாப்பா?"

"இல்ல."

"அந்த ஆளா? கேமரா இருக்குப்பா, போலீஸ்..."

"ஆளு வந்தாக்கூடப் பரவால்ல, ரெண்டு வார்த்தை பேசலாம். யாருமே வர மாட்டாங்கடா. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் வர மாட்டாங்க. அதுக்கு எந்தத் தோட்டா வெச்சிருக்க?"

மண் மேட்டுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். மேற்பார்வையாளர் துப்பாக்கிகளை எண்ணி, சுடலாம் என்றார். இருபுறமும் வெடிக்கத் தொடங்கிற்று. முரளி மேஜைக்குப் போய், ஆறு தோட்டாக்களையும் பெட்டியில் போட்டு மூடினான். அடாப்டர்களை உருவித் துணியில் சுற்றினான். அவன் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பவே இல்லை.

காரில் ஏறியதும், "டல்லாஸ் வேண்டாம்னு எழுதிடறேன்" என்றான்.

நம்பவில்லை. வீட்டுக்குப் போய் விஜியோடு பேசினால் மாறிவிடும். திங்கட்கிழமை மேலதிகாரியோடு பேசினால் மாறிவிடும். பிள்ளையின் உயர்வைக் கெடுத்துவிட்டாயே என்று காலனியில் நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், கெடுத்தேன். நிலாவின் படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் முரளி மடிக்கணினியைத் திறந்தான். விஜி வாசற்படியில் நின்று பார்த்தாள். நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூன்று வரிகள் எழுதினான், ஒரு வரியை அழித்தான், மறுபடி எழுதினான். விரல் அனுப்பும் இடத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு அழுத்தினான்.

"போதுமாப்பா?"

"போயிடுச்சான்னு காட்டு."

திரையை என் பக்கம் திருப்பினான். போயிருந்தது. விஜி உள்ளே போய்த் தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. நான் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.